பிரிவுப் பேச்சுக்கு உட்காரும் முன்

விவாகரத்து என்ற சொல்லை நம் சங்க இதழில் காண்பதற்கே சில பெரியவர்களுக்கு மனம் ஒப்பாது என்பதை அறிவேன். ஆனால் நாம் அச்சிடாமல் விட்டுவிட்டால் அது இல்லாமல் போய்விடாது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, மீனாட்சிபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பாலக்காட்டுக் குடும்ப நீதிமன்றத்துக்கும், மூணாறு, மறையூர், வண்டிப்பெரியார், குமுளிப் பக்கத்தவர்கள் தொடுபுழாவுக்கும் கட்டப்பனைக்கும் அலைவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். "நம் வீட்டில் நடக்காது" என்று இருந்துவிட்டு, நடந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தீர்மானிக்கப் பதறுவதே நம் வழக்கம்.

சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பது இக்கட்டுரையின் பொருள் அன்று. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த இருவர். பிரிவது என்று ஆகிவிட்டால், பேச்சுக்கு உட்காரும் முன் தனக்கு எது முதன்மை என்று ஒவ்வொருவரும் தெளிந்துகொள்வது எப்படி என்பதே இங்கே பாடம். ஒரு விலக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடி உதையும் உயிர்ப் பயமும் உள்ள இடத்தில் பேச்சுவார்த்தை பிறகு. முதலில் பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அதிகாரியிடம் போகலாம்.

எவ்வளவு என்பதற்கு முன் எது

நம்மவர்கள் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தால் முதல் கேள்வியே "எவ்வளவு?" என்பதுதான். பெண் வீட்டார் ஒரு தொகை சொல்வார்கள், மாப்பிள்ளை வீட்டார் அதில் பாதி சொல்வார்கள். மூன்றாவது அமர்வில் நடுவில் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு எழுந்து வருவார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பிள்ளையின் பள்ளிக்கூடம் பற்றியோ, பாங்கியில் அடகு இருக்கும் நகை பற்றியோ ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும்.

சித்தூர் வட்டத்து விவசாயிகளுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாகி, 1958 முதல் செல்லும் என்று எழுதப்பட்டது. அதில் எத்தனையோ ஷரத்துகள், அவற்றின் மேல் இன்றுவரை எத்தனையோ சச்சரவுகள். ஆனால் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர், மணக்கடவில் அளந்து விடவேண்டும் என்ற வரி தெளிவானது. என்ன வேண்டும், எவ்வளவு, எந்த இடத்தில் அளப்பது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. தண்ணீர் குறையும் வருஷத்தில் விவசாயி கையில் பிடித்துக்கொண்டு கேட்பதற்கு அந்த வரி இருக்கிறது. பிரிவு ஒப்பந்தத்திலும் அப்படிக் கையில் பிடிக்கத்தக்க வரிகள் இரண்டோ மூன்றோ வேண்டும். அவை எவை என்பதைப் பேச்சு மேஜையில் கண்டுபிடிக்க முடியாது. முன்கூட்டியே வீட்டில், தனியாக, கோபம் அடங்கிய ஒரு நாளில் செய்யவேண்டிய வேலை அது.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடவே முடியாதவை, பேசிப் பார்க்கலாம் என்பவை, விட்டுவிடலாம் என்பவை என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் இரண்டுக்கு மேல் எழுதக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே முக்கியம் என்று எழுதுகிறவர், எதிர்த் தரப்பு எதில் விட்டுக்கொடுத்தாலும் அதை வாங்கிக்கொண்டு வருவார், வேண்டியதை விட்டுவிட்டு. கல்யாணச் செலவு, பந்தலுக்கும் விருந்துக்கும் ஆன பணம், யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது இவையெல்லாம் மூன்றாம் பகுதிக்கு உரியவை என்பது என் அபிப்பிராயம். ஆனால் பேச்சு முறிவது பெரும்பாலும் இவற்றில்தான்.

தாளில் எழுதிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "எதற்காக?" என்று ஒரு கேள்வி போடவேண்டும். ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன் கொழிஞ்சாம்பாறைக்காரர், மனைவி உடுமலைப்பேட்டைப் பெண், மகள் நாலாம் வகுப்பில் படிக்கிறாள். இருவர் தாளிலும் முதலில் "வீடு" என்றே இருக்கிறது. இருப்பது ஒரே வீடு, எனவே சண்டை நிச்சயம். எதற்காக என்று கேட்டால், அவருக்கு வயதான தாய் தந்தையர் அந்த வீட்டில் இருக்கிறார்கள்; இவருக்கு மகளின் பள்ளி அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அப்படியானால் இவருடைய தேவை அந்த வீடு அன்று, பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கூரை. அதே தெருவில் வாடகைக்கு ஒரு வீடும், அதற்கான பணமும், ஐந்தாறு வருஷத்துக்கு உறுதியும் கிடைத்தால் சண்டைக்கே இடமில்லை. 1981-இல் அமெரிக்காவில் ரோஜர் ஃபிஷர், வில்லியம் யூரி இருவரும் எழுதி உலகெங்கும் படிக்கப்பட்ட பேச்சுவார்த்தைக் கலைப் புத்தகம் இதைத்தான் விரிவாகச் சொல்கிறது: வாயால் கேட்பது வேறு, அதற்கு அடியிலுள்ள தேவை வேறு.

பிள்ளைகள்

பிள்ளை இருந்தால் தாளின் முதல் வரி அதுவே என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் "பிள்ளை எனக்கு வேண்டும்" என்று எழுதினால் போதாது. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டம் 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்கிறது. அதற்கு மேல் குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேற்பட்டது. நீதிபதி பார்ப்பது யார் பாசமுள்ளவர் என்பதை மட்டும் அல்ல. யார் காலையில் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவார், காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவார் என்பதையும் பார்ப்பார்.

எல்லையோரக் குடும்பங்களுக்கு இதில் தனிச் சிக்கல்கள் உண்டு. தாய் பிள்ளையுடன் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டால் பாடத்திட்டம் மாறும். நடு ஆண்டில் டி.சி. வாங்குவதற்கு யார் கையெழுத்து? "விடுமுறையில் பாதி தகப்பனிடம்" என்று எழுதினால் எந்த மாநிலத்து விடுமுறை? கேரளத்தில் ஓணத்துக்குப் பத்து நாள், பொங்கலுக்கு பாலக்காடு, இடுக்கி முதலிய எல்லை மாவட்டங்களில் ஒரு நாள் உள்ளூர் விடுமுறை. அங்கே பொங்கல்தான் பெரிது. ஆகவே நாட்களைப் பெயர் சொல்லி எழுதவேண்டும்; எங்கே கொண்டுவந்து விடுவது, பஸ் செலவு யாருடையது என்பதையும் சேர்த்து.

தாயின் கையெழுத்து செல்லாது என்று பாங்கியிலோ அலுவலகத்திலோ சொன்னால் பணிந்து திரும்ப வேண்டியதில்லை. கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், தகப்பன் உயிருடன் இருக்கும்போதும் தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்பட முடியும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் ஒப்பந்தத்தில் பள்ளி, பாஸ்போர்ட், மருத்துவம் மூன்றுக்கும் யார் கையெழுத்திடுவது என்று எழுதிவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

இன்னொன்று பலர் யோசிக்காதது. தேயிலைத் தோட்டப் பகுதியில் பிள்ளைகளின் சாதிச் சான்றுக்கு 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததா என்ற கேள்வி வரும். இதே கேள்வியில்தான் தேவிகுளத்தில் 2021-இல் வென்ற சட்டமன்ற உறுப்பினர் ராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் ரத்து செய்தது. 2025-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கே இந்தப் பாடு என்றால் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு என்ன பாடு! பாட்டன் காலத்துத் தோட்டப் பதிவுகள், தகப்பனின் பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு ஆகியவற்றின் நகல்கள் பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவர் கைக்கு வரவேண்டும். செலவில்லாத ஷரத்து. பகை முற்றிய பிறகு கேட்டால் கிடைக்காது.

நகை

கேரளத்து வழக்கு ஒன்று. 2003-இல் திருமணம், பெண்ணுக்கு 89 பவுன். பத்திரமாக வைப்பதாக மணமான அன்றே கணவர் வாங்கித் தம் தாயிடம் கொடுத்தார், பின்னர் அவை அவர்கள் கடனுக்குப் போயின என்பது அப்பெண்ணின் புகார். 2011-இல் குடும்ப நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2022-இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பெண்ணின் சொந்த நகை கணவனுடையதோ இருவருக்கும் பொதுவானதோ அல்ல என்று கூறி, 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பெரிய வெற்றிதான். ஆனால் கணக்குப் போட்டால் பவுனுக்குச் சுமார் 28 ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்த மாதம் கடையில் பவுன் 50 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. நகை உங்கள் தாளில் முதலிடத்தில் இருந்தால் அதை ரூபாயில் எழுதாதீர்கள், பவுனில் எழுதுங்கள். அல்லது கொடுக்கும் நாளின் விலைப்படி என்று எழுதுங்கள். அடுத்தது, பட்டியல். ரயில்வேயில் காண்டிராக்ட் கணக்கு முடிக்கும்போது முதலில் வேலையை அளந்து, அளவுப் புத்தகத்தில் பதிந்து, கையெழுத்தாகும். ரேட்டைப் பற்றிய சண்டை அதன் பிறகுதான். அளவே தகராறு என்றால் கணக்கு முடியவே முடியாது. நகையிலும் அப்படியே. எத்தனை பவுன் வந்தது, யார் லாக்கரில் எவ்வளவு, எது அடகில், எது விற்றாயிற்று என்று கல்யாண ஆல்பத்தையும் கடை ரசீதுகளையும் வைத்து இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பட்டியல் முதலில் வேண்டும். ரசீது இல்லையே என்று நம்பிக்கை இழக்க வேண்டாம். வீட்டுக்குள் கைமாறும் நகைக்கு யாரும் ரசீது எழுதுவதில்லை என்பதை ஏற்று, இத்தகைய வழக்கில் கண்டிப்பான ஆதாரம் கேட்பது முறையன்று என்று கேரள உயர் நீதிமன்றமும் 2025-இல் சொல்லியிருக்கிறது.

ஆனால் நகையே முதன்மை என்று வழக்காடி இருபது வருஷம் போவதா, பாதி நகையை விட்டுப் பிள்ளையின் படிப்புக்கு உறுதி வாங்குவதா என்பதை அந்தத் தாள்தான் சொல்லவேண்டும். அதற்கு விடை வீட்டுக்கு வீடு வேறுபடும்.

வீடும் நிலமும்

கணவன் சொத்தில் மனைவிக்குப் பாதி என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் மண வாழ்வில் சேர்த்த சொத்தை நீதிமன்றம் இருவருக்கும் பங்கிடும். நம் நாட்டில் கோவா நீங்கலாக அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. யார் பேரில் இருக்கிறதோ அவருடையது. மற்றவருக்கு உள்ளது ஜீவனாம்ச உரிமையே. ஆகவே வீடோ நிலமோ வேண்டுமென்றால் அதைப் பேசித்தான் பெறவேண்டும்.

பேசுமுன் காகிதத்தைப் பாருங்கள். வடகரப்பதியில் தோப்பு, பொள்ளாச்சியில் மனை என்று இருந்தால் இங்கே கரம் கட்டிய ரசீதும் பாத்தியதா சர்டிபிகேட்டும், அங்கே பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்க்கவேண்டும். தேவிகுளம், உடும்பன்சோலை வட்டங்களில் பட்டயம் இல்லாத பூமி ஏராளம். "ஏலத் தோட்டத்தில் பாதி" என்று வாங்கிக்கொண்டு, பிறகு அது அனுபவம் மட்டுமே, உரிமை இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? லயத்து வீடோ கம்பெனியுடையது. வேலை யார் பேரிலோ வீடும் அவரைச் சேர்ந்தது. கொழுந்து பறிப்பவர் மனைவியாக இருந்தால் கூரை அவர் பக்கம் நிற்கும், வேலை கணவன் பேரில் இருந்தால் மனைவி வெளியே வரவேண்டியிருக்கும். ஓய்வு பெறும் நாளில் அந்தக் கூரையும் போய்விடும் என்பதால், லயத்தில் குடியிருப்பவர் தாளில் பி.எஃப்., கிராஜுவிட்டி, ஊரில் உள்ள துண்டு நிலம் இவை வீட்டைவிட மேலே இருக்கவேண்டும்.

மாதப் பணமா, மொத்தப் பணமா

1886-இல் எழுதிய முல்லைப் பெரியாறு குத்தகைக்கு 999 ஆண்டு காலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 8,000 ஏக்கருக்கு 40 ஆயிரம். 84 ஆண்டுகள் அந்த 5 ரூபாய் 5 ரூபாயாகவே இருந்து, 1970-இல்தான் 30 ஆனது. 30 ஆண்டுக்கு ஒருமுறை திருத்தலாம் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. அந்தத் தாவாவுக்குள் நாம் போகவேண்டாம். தொகையை எழுதி, அது வளரும் விதத்தை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் இதைச் சொல்கிறேன்.

6 வயதுக் குழந்தைக்கு மாதம் 8,000 ரூபாய், 18 வயது வரை என்று வைப்போம். மாறாத தொகையானால் 12 ஆண்டில் 11 லட்சத்து 52 ஆயிரம். ஆண்டுக்கு 5 சதவீதம் கூடும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் 15 லட்சத்து 28 ஆயிரம். அந்த ஒரு வரியின் மதிப்பு மூன்றே முக்கால் லட்சம்! நம்மவர்கள் மாதத் தொகையை 500 ரூபாய் ஏற்றுவதற்கு இரண்டு மணி நேரம் வாதாடுவார்கள், இந்த வரியைக் கேட்கவே மாட்டார்கள்.

கணவன் நிரந்தர வேலையில் இருந்தால் மாதப் பணம் நம்பத்தக்கது. வளைகுடாவில் ஒப்பந்த வேலை, அல்லது மழையை நம்பிய விவசாயம் என்றால் கிடைக்கிற மொத்தப் பணத்தை வாங்கிக்கொள்வதே நல்லது என்பேன். வருமானத்தை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால், 2020-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த சொத்து விவர உறுதிமொழிப் பத்திரத்தைப் பாருங்கள். விவசாயக் குடும்பங்களுக்கு அதில் தனிப் படிவமே உண்டு: நஞ்சையா புஞ்சையா, மூன்று வருஷ வருமானம், குத்தகை, மாடு, ஆடு, கோழி வரை கேட்கிறது. நீதிமன்றம் கேட்கும் முன்னரே இரு தரப்பும் அதை நிரப்பிப் பார்த்தால் பாதி சந்தேகம் தீரும். பிள்ளைக்குரிய ஜீவனாம்சத்தைத் தாயோ தகப்பனோ "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும் அது பிள்ளையைக் கட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த மொழியில், எந்தக் கோர்ட்டில்

இங்கே ஒப்பந்தம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படும். மலையாளத்தில் "அவகாசம்" என்றால் உரிமை. நமக்கோ அது காலம், சாவகாசம். "அவகாசம் ஒழிந்தது" என்று ஒரு வரியை வாசித்துக் காட்டினால், உடுமலையிலிருந்து வந்த மருமகள் ஏதோ தவணை முடிந்ததாக எண்ணித் தலையசைக்கக்கூடும். உண்மையில் அவர் தம் உரிமையை விட்டுக் கொடுத்துவிட்டார். இப்படி உரிமை விடும் பத்திரத்துக்கு "ஒழிமுறி" என்று பெயர். (ஜெயமோகன் எழுத்தில் 2012-இல் வந்த மலையாளப் படத்தின் பெயரும் இதுவே.) "ஸ்த்ரீதனம்" இன்னும் மோசம். மலையாளப் பேச்சில் அது வரதட்சிணை, சட்டத்தில் பெண்ணின் சொந்தச் சொத்து. ஆகவே அந்தச் சொல்லைத் தவிர்த்து "பெண்ணுக்குச் சொந்தமான நகைகள்" என்று விரித்து எழுதச் சொல்லுங்கள். முழு ஒப்பந்தத்தையும் தமிழில் ஒருவர் வாசித்துப் பொருள் சொன்ன பிறகே கையெழுத்து. இந்த உதவியை நம் சங்கத்து அன்பர்களே செய்யலாம்.

எல்லைக் குடும்பங்களுக்குக் கோர்ட்டைத் தேர்ந்தெடுக்கவும் வழியுண்டு. இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர் மனுதாரர் இருக்கும் ஊர், மனைவி மனுச் செய்தால் அவர் இப்போது வசிக்கும் ஊர் இவற்றில் எங்கும் மனுப் போடலாம். மறையூரிலிருந்து தொடுபுழாவுக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதையும் தாளில் ஒரு செலவாகக் கணக்கிடுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் விவாகரத்து ஆகிவிடாது. நிரூபிக்கத்தக்க பழைய வழக்கம் உள்ள சில சமூகங்களைத் தவிர மற்றவர்களுக்குக் கோர்ட் தீர்ப்பே வேண்டும். பரஸ்பர சம்மத மனுவுக்கு ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும், மனுவுக்குப் பின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். ஜீவனாம்சம், பிள்ளைப் பொறுப்பு எல்லாம் மெய்யாகவே தீர்ந்திருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கிறிஸ்தவர்களுக்கு இருந்த இரண்டாண்டுப் பிரிவு நிபந்தனையைக் கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் ஓராண்டாகக் குறைத்து, 2022-இல் அதையும் செல்லாது என்றது. நம் ராவுத்தர் குடும்பங்களுக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. விவாகரத்தான முஸ்லிம் பெண் பொது ஜீவனாம்சச் சட்டப்படியும் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தீர்ப்பு வரும் நாள் வரை இருவரில் ஒருவர் சம்மதத்தை வாபஸ் பெறலாம். ஆதலால் முழுப் பணத்தையும் முதல் மனு நாளில் கொடுத்துவிடுவதும் தவறு, முழுதும் கடைசியில் என்று நம்பி இருப்பதும் தவறு. ஒரு பகுதி மனு அன்று, மீதி தீர்ப்பு நாளில் நீதிமன்றத்தில் வைத்து டி.டி.யாக என்று பிரித்துக்கொள்வார்கள். நகையைத் திருப்பும் தேதி, நிலப் பத்திரம் பதியும் தேதி, ஏற்கெனவே போட்ட வழக்குகள் ஒவ்வொன்றின் எண், அவற்றை முடிக்கும் விதம் எல்லாம் அந்த ஒப்பந்தத்திலேயே வரவேண்டும். வரதட்சிணைக் கொடுமை வழக்கு இருந்தால் புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கினாலும் தானாக முடியாது. உயர் நீதிமன்றத்தில்தான் ரத்து செய்யவேண்டும்.

வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பங்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்டந்தோறும் சட்டப் பணிக் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அங்கே போகும்போது மேலே சொன்ன தாள், நகைப் பட்டியல், நிலக் காகிதங்களின் நகல், பிள்ளையின் பள்ளிச் சான்று ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோகவும். தீர்ப்பு கிடைத்ததும் சான்றிட்ட நகல்கள் மூன்றாவது வாங்கி வையுங்கள். நிலம் கைமாறியிருந்தால் பத்திரம் பதிந்து, வில்லேஜ் ஆபீசில் போக்குவரவும் செய்து, தம் பேரில் கரம் கட்டிய முதல் ரசீதைப் பெற்றுக்கொள்ளவும்.